கோஜிராவும் சயாம் இரயில்பாதையும்: போருக்குப் பிந்தைய நினைவு குறித்துக் கெடா மண்ணிலிருந்து ஒரு திறனாய்வு

முன்னுரை

போரைப் பற்றிய கலைப்படைப்புகளை இருவகையாகப் பகுத்துக் காணலாம். போரில் நிகழ்ந்தவற்றைச் சொல்வன ஒருவகை. போர் ஓய்ந்தபின் எஞ்சியவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைச் சொல்வன மற்றொரு வகை. இவ்விரண்டாம் வகை எழுதுவதற்கு அரியது. களத்தில் வீரமும் இழப்பும் கண்ணுக்குத் தெரியும்; போருக்குப் பிந்தைய வாழ்வில் குற்றவுணர்வு, வறுமை, மௌனம் ஆகியவையே மிகுதி. ஜப்பானியத் திரைப்படத்துறை இந்த இரண்டாம் வகைக்கு எதிர்பாராத ஒரு வடிவத்தைக் கண்டெடுத்தது. கடலிலிருந்து எழுந்து வந்து நகரை மிதித்தழிக்கும் பேருருவ விலங்கின் கதையே அவ்வடிவம்.

1954ஆம் ஆண்டு இஷிரோ ஹோண்டா இயக்கிய 'கோஜிரா', 2023ஆம் ஆண்டு தகாஷி யமசாகி இயக்கிய 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' ஆகிய இரண்டும் தோஹோ நிறுவனத்தின் வெளியீடுகள். பின்னது 2024இல் சிறந்த காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கார் விருதைப் பெற்று உலகெங்கும் பேசப்பட்டது. இவ்விரு படங்களையும் கெடா மாநிலத் தோட்டப்புற மக்களின் வரலாற்றோடு ஒருங்கே வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஜப்பானியப் படை மலாயாவிற்குள் நுழைந்த வழிகளுள் ஒன்று கெடா. சயாம் மரண இரயில்பாதைக்கு ஆள் அனுப்பிய மாநிலங்களுள்ளும் கெடா ஒன்று. எனவே, அப்போரின் துயரைப் பற்றி ஜப்பான் எடுத்த படத்தை இம்மண்ணிலிருந்து காணும்போது, பிற இடங்களில் எழாத ஒரு வினா எழுகிறது: இப்படங்கள் யாருக்காக அழுகின்றன?

1954ஆம் ஆண்டின் விலங்கு

முதற்படம் தோன்றிய சூழலை முதலில் நோக்குவோம். 1954 மார்ச் 1ஆம் நாள் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா நிகழ்த்திய நீரகக்குண்டுச் சோதனையின் கதிரியக்கச் சாம்பல் 'ஐந்தாம் ஃபுகுர்யு மாரு' என்னும் ஜப்பானிய மீன்பிடிப் படகின்மீது படிந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். வானொலி இயக்குநராகப் பணியாற்றிய ஐகிச்சி குபோயாமா அவ்வாண்டு செப்டம்பரில் இறந்தார். நவம்பர் 3ஆம் நாள் 'கோஜிரா' வெளிவந்தது. படத்தின் தொடக்கத்திலேயே ஒரு கப்பல் ஒளிப்பிழம்பில் எரிந்து மூழ்குகிறது. அக்காட்சி எதனைச் சுட்டுகிறது என்பதை அன்றைய பார்வையாளர்களுக்கு எவரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

ஹோண்டா படைவீரராகச் சீனப் போர்முனையில் பல ஆண்டுகளைக் கழித்தவர். நாடு திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் அழிவைக் கண்டவர். ஆதலால், விலங்கு தோக்கியோவை மிதிக்கும் காட்சிகளில் அவர் வியப்பைவிடத் துயரத்தையே முன்னிறுத்துகிறார். எரியும் கட்டடத்தின் அடியில் ஒரு தாய் தன் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, அவர்கள் விரைவில் தந்தையிடம் சேர்ந்துவிடுவார்கள் என்று ஆறுதல் சொல்கிறாள். தந்தை போரில் மாண்டவர் என்பதை அச்சொற்களே உணர்த்திவிடுகின்றன. மருத்துவமனைக் கூடங்களில் காயமுற்றோர் வரிசையாகக் கிடத்தப்பட்டிருக்கும் காட்சி ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய வான்குண்டுத் தாக்குதல்களின் நினைவே எனலாம். விலங்கை அழிக்கும் கருவியைக் கண்டறிந்த செரிசாவா என்னும் அறிஞர், அக்கருவி அரசுகளின் கைக்குச் செல்லலாகாது என்று தம் குறிப்புகளை எரித்துவிட்டுத் தாமும் கடலடியில் உயிர்விடுகிறார். அறிவியலறிஞரின் அறப்பொறுப்பை இவ்வளவு கூர்மையாக எழுப்பிய வெகுசனப் படங்கள் மிகச்சிலவே.

இப்படத்தின் தனிவேட காட்சிகளை அமைத்தவர் எய்ஜி த்சுபுராயா. மலாயாவின் வரலாற்றோடு இவருக்கு ஒரு தொடர்பு உண்டு. 1941 டிசம்பர் 10ஆம் நாள் குவாந்தான் கடற்பரப்பில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இரண்டை ஜப்பானிய வானூர்திகள் மூழ்கடித்தன. இந்நிகழ்வையும் பேர்ல் துறைமுகத் தாக்குதலையும் கொண்டாடி 1942இல் இதே தோஹோ நிறுவனம் 'ஹவாய் - மலாய் கடற்போர்' என்னும் பரப்புரைப் படத்தை வெளியிட்டது. அதற்குச் சிற்றுருவக் கப்பல்களும் துறைமுகமும் அமைத்துக் கொடுத்தவர் த்சுபுராயாவே. மலாயாவின் கடலை வெற்றிக்களமாகக் காட்டிய அதே கைகள், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் அழியும் தோக்கியோவைச் செய்தன. வெல்பவனின் கண்ணுக்கு உதவிய கலைநுட்பம் தோற்றவனின் கண்ணுக்கும் உதவியது என்பது திரைக்கலை வரலாற்றில் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி. எனினும் ஒன்று மாறவில்லை. 1942இன் படத்தில் மலாயா என்பது கப்பல்கள் மூழ்கும் கடல். அக்கடலின் கரையில் வாழ்ந்த மக்களுக்கு அதில் இடமில்லை. 1954இன் படத்திலும் அவர்களுக்கு இடமில்லை.

சுழியத்துக்குக் கீழே

2023ஆம் ஆண்டின் படம் போர் முடியும் தறுவாயில் தொடங்குகிறது. கொய்ச்சி ஷிகிஷிமா தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பப்பட்ட வானோடி. வானூர்தியில் பழுது என்று பொய்கூறி ஒரு தீவில் இறங்குகிறான். அன்றிரவு அங்கு வரும் விலங்கை நோக்கிச் சுடவும் அவனால் இயலவில்லை. பழுதுபார்ப்போர் ஏறக்குறைய அனைவரும் மாள்கின்றனர். எரிந்த தோக்கியோவுக்குத் திரும்பும் அவனை அண்டை வீட்டுப் பெண் ஏசுகிறாள். அவனைப் போன்றவர்கள் கடமையைச் செய்திருந்தால் தன் பிள்ளைகள் பிழைத்திருப்பார்கள் என்பது அவளது எண்ணம். பெற்றோரை இழந்த நோரிகோ என்னும் பெண்ணும், அவள் தெருவில் ஏற்றுக்கொண்ட ஒரு குழந்தையும் அவனது குடிசையில் தங்குகின்றனர். குருதியுறவு இல்லாத மூவர் குடும்பமாகின்றனர். போர் நாட்டைச் சுழியத்தில் நிறுத்தியது. விலங்கு அதனையும் கீழே தள்ளுகிறது என்பதே தலைப்பின் பொருள்.

படத்தின் கருத்து மையம், விலங்கை எதிர்கொள்ளும் திட்டத்தை வகுக்கும் நோடா என்னும் முன்னாள் கடற்படைப் பொறியாளரின் உரையில் உள்ளது. இந்நாடு உயிர்களை மிக மலிவாகக் கருதியது. வீரர்களைப் பட்டினிக்கும் நோய்க்கும் இரையாக்கியது. வெளியேறும் இருக்கைகூட இல்லாத வானூர்திகளில் ஏற்றி அனுப்பியது என்று அவர் குற்றஞ்சாட்டுகிறார். ஆகவே, இம்முறை சாவதற்காகப் போரிடாமல் வாழ்வதற்காகப் போரிடுவோம் என்கிறார். அரசும் ஆக்கிரமிப்புப் படையும் ஒதுங்கி நிற்க, முன்னாள் வீரர்கள் தம் விருப்பத்தால் ஒன்றுகூடுகின்றனர். இறுதியில் ஷிகிஷிமா வெளியேறும் இருக்கையின் துணையால் உயிர் பிழைக்கிறான். செரிசாவாவின் தன்னுயிர் ஈகத்துக்கு எழுபது ஆண்டுகள் கழித்து அளிக்கப்பட்ட மறுமொழியாக இம்முடிவைக் கொள்ளலாம். மாண்டதாகக் கருதப்பட்ட நோரிகோவையும் மீட்டுத் தருவதால் படத்தின் துயரம் சற்று நீர்த்துப் போகிறது என்பது நம் கருத்து. ஆயினும், சாவைப் போற்றிய ஒரு மரபுக்கு எதிராக உயிர்வாழ்தலைப் போற்றும் துணிவை மறுப்பதற்கில்லை.

இத்துணிவே நம் வினாவைக் கூர்மையாக்குகிறது. உயிர்களை மலிவாகக் கருதிய அரசு என்னும் குற்றச்சாட்டை நோடா ஜப்பானிய உயிர்களைக் கொண்டு மட்டுமே நிறுவுகிறார். அதே அரசின் கையில் மிக மலிவாகக் கருதப்பட்ட உயிர்கள் எவருடையவை?

கெடாவில் விலங்கின் உருவம்

1941 டிசம்பர் 11, 12 ஆகிய நாள்களில் கெடாவின் ஜித்ராவில் நடந்த போரில் பிரிட்டிஷ் தற்காப்பு முறிந்தது. அடுத்த சில நாள்களுக்குள் அலோர்ஸ்டாரும் குரூணும் சுங்கைப்பட்டாணியும் வீழ்ந்தன. தோட்டத்துரைமார் தெற்கே ஓடினர். மேலைநாட்டுச் சந்தை அறுபட்டதால் பால்வெட்டு நின்றது. கூலியும் அரிசியும் நின்றன. லயங்களில் இருந்தவர்கள் மரவள்ளிக் கிழங்கை நம்பி வாழ்ந்தனர். சாக்குத் துணியை உடுத்தினர்.

இந்நிலையில்தான் சயாமுக்கு ஆள் சேர்க்கப்பட்டது. பான்போங் அருகிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்கு இரயில்பாதை அமைக்க 1942இல் பணி தொடங்கிற்று. நல்ல கூலி, உணவு, குறுகிய காலம் என்னும் ஆசைமொழிகளால் முதலில் சிலர் சென்றனர். பின்னர் ஆட்கள் வலிந்து பிடிக்கப்பட்டனர். ஆசியத் தொழிலாளர் 180,000 பேருக்கு மேல் அப்பாதையில் உழைத்தனர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 90,000 பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து சென்றோருள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளுள் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1943இன் நடுப்பகுதியில் பரவிய வாந்திபேதி, மருத்துவரும் முறையான முகாமும் இல்லாத தமிழ்த் தொழிலாளரையே மிகுதியாகக் கொன்றது. பட்டினியும் நோயும் போர்முனையைவிட அதிகம் பேரைக் கொன்றன என்று நோடா கூறும் குற்றச்சாட்டுக்கு இதனினும் நிறைவான சான்று வேறில்லை.

1943 அக்டோபர் 17ஆம் நாள் பாதையின் இரு முனைகளும் இணைக்கப்பட்டன. அதே மாதத்தில் ஜப்பான், கெடா உள்ளிட்ட நான்கு வடமாநிலங்களைச் சயாமிடம் கையளித்தது. ஆக, சயாமுக்குப் போனவன் காட்டில் கிடக்கையில், அவன் விட்டுவந்த லயமும் சயாமின் ஆட்சிக்குள் வந்துவிட்டது. அவன் பெயரால் வழக்குரைக்க எந்த அரசும் இருக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை.

கோஜிரா என்னும் விலங்கு வெளியிலிருந்து வருவது, கடலால் அனுப்பப்படுவது, அணுகுண்டால் எழுப்பப்படுவது. ஆகவே அதனால் மிதிபடும் அனைவரும் ஒருசேரத் துன்புற்றோர் ஆகிவிடுகின்றனர். போரைத் தொடங்கியவரும், போருக்கு அனுப்பப்பட்டவரும், போரில் பிள்ளையை இழந்தவரும் ஒரே நிழலின்கீழ் நிற்கின்றனர். இவ்வடிவத்தின் ஆற்றல் இதுவே, குறையும் இதுவே. ஒரு நாடு தன் துயரை முழுமையாக அழுது தீர்க்க அது உதவுகிறது. தன்னால் துன்புற்றவரை நினையாமலே அழுவதற்கும் அது உதவுகிறது. கெடாவின் தோட்டங்களுக்கு வந்த விலங்கோ சீருடை அணிந்திருந்தது. அதனிடம் பெயர்ப்பட்டியல் இருந்தது. பாடாங் பெசார் வழியாகச் செல்லும் இரயிலின் நேரம் அதற்குத் தெரிந்திருந்தது.

இக்குறை ஜப்பானியப் படங்களுக்கு மட்டும் உரியதன்று. 1957இல் டேவிட் லீன் இயக்கிய 'குவாய் ஆற்றுப் பாலம்' அதே இரயில்பாதையை உலகறியச் செய்தது. அது இலங்கையின் கித்துல்கலையில் படமாக்கப்பட்டது. பிரிட்டிஷ் அதிகாரியின் பிடிவாதமே அதன் கதை; எண்ணிக்கையில் பன்மடங்கு மிகுந்த ஆசியத் தொழிலாளர் அக்கதைக்குத் தேவைப்படவில்லை. இன்று காஞ்சனபுரியின் போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளுக்குப் பெயருடன் கல்லறை உண்டு. தமிழ்த் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோருக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. 1944இல் ஜப்பானியப் படையினரே அங்கு எழுப்பிய நினைவுத்தூணில் பிறமொழிகளோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. இறந்தவர் எம்மொழியினர் என்பதை ஜப்பானியப் படை அறிந்தே இருந்தது. ஜப்பானியத் திரைக்கலைதான் அதனை இன்னும் அறிந்ததாகக் காட்டவில்லை.

நம் எழுத்தின் பக்கம்

இக்குற்றச்சாட்டைப் பிறர்மீது சுமத்துவதோடு நம் பணி முடிந்துவிடாது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் இம்மௌனத்தை உடைத்த அரிய ஆக்கங்கள். அவை இல்லாதிருந்தால், அடுத்த தலைமுறைக்கு இந்நிகழ்வு வெறும் எண்ணிக்கையாகவே எஞ்சியிருக்கும். எனினும் 'மைனஸ் ஒன்' படத்தைக் கண்டபின் நம் இலக்கியத்தை நோக்கி இரண்டு வினாக்களை எழுப்ப வேண்டியுள்ளது.

முதலாவது, திரும்பியவர்களைப் பற்றியது. நம் படைப்புகளின் கவனம் பெரிதும் பாதையின்மீதும் சாவின்மீதும் நிலைத்துள்ளது. 1945க்குப்பின் தோட்டத்துக்குத் திரும்பியவன் என்ன ஆனான்? உடன் போன அண்ணன் எங்கே என்று கேட்ட தாயிடம் அவன் என்ன சொன்னான்? அவனும் ஷிகிஷிமாவைப்போலப் பிழைத்ததையே குற்றமாகச் சுமந்தானா? கணவன் மாண்டான் என்று நம்பி வேறொருவனோடு வாழத் தொடங்கிய பெண்ணின் நிலை என்ன? பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளையை அடுத்த வீட்டார் வளர்த்தபோது அங்கே உருவான உறவுக்கு என்ன பெயர்? நோரிகோவின் குடிசை போன்ற வீடுகள் நம் லயங்களிலும் இருந்திருக்கும். அவ்வீடுகளுக்குள் நுழைந்து எழுதப்பட்ட பக்கங்கள் நம்மிடம் மிகக் குறைவு.

இரண்டாவது, விலங்கின் முகத்தைப் பற்றியது. பட்டியலைக் கேட்டவன் ஜப்பானியன். பல தோட்டங்களில் அதனை எழுதிக் கொடுத்தவர் நம் கிராணிகளும் கங்காணிகளுமே. யார் பெயரைச் சேர்ப்பது, யார் பெயரை விடுவது என்பதில் சாதியும் உறவும் பகையும் கலந்திருந்தன. அதே கெடாவில்தான், ஜித்ரா வீழ்ச்சிக்குப்பின் கேப்டன் மோகன் சிங் மேஜர் ஃபுஜிவாராவைச் சந்தித்து இந்திய தேசிய இராணுவத்துக்கு வித்திட்டார். ஆகவே, ஜப்பானியன் ஒரு லயத்தில் எமனாகவும் அடுத்த லயத்தில் விடுதலைக்குத் துணைவனாகவும் தோன்றினான். எல்லாத் தீமையையும் 'ஜப்பான்காரன்' என்னும் ஒரே உருவில் திரட்டி வைக்கும்போது நாமும் ஒரு கோஜிராவைப் படைக்கிறோம். அது நம் அழுகைக்கு உதவும். நம்மிடையே இருந்தோரின் பங்கை மறைக்கவும் உதவும்.

போருக்குப் பிந்தைய கெடாவில் எழுதுவதற்குரிய கதை இல்லாமலில்லை. படத்தில் விலங்கு தோக்கியோவைத் தாக்குவது 1947இல். அதே ஆண்டில் பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு, ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை வளர்ந்து நின்றது. இந்திய தேசிய இராணுவத்தின் ஒழுங்கையும் அணிவகுப்பையும் கண்டிருந்த தோட்ட இளைஞர்கள், இம்முறை எந்த அரசின் ஆணையுமின்றித் தாமே கூடினர். கள்ளுக்கடைகளை மூடச் செய்வதும் தொழிலாளர் வாழ்வைச் சீர்செய்வதும் அவர்களது நோக்கங்கள். நோடாவின் கூட்டத்தில் ஒன்றுதிரளும் முன்னாள் வீரர்களுக்கும் இவர்களுக்கும் உள்ள ஒப்புமை கருதத்தக்கது. முடிவுகள்தாம் வேறு. படத்தில் மக்கள் படை வென்று கரை திரும்புகிறது. கெடாவில் மீண்டும் வந்த பிரிட்டிஷ் ஆட்சி தொண்டர் படையை ஒடுக்கியது. பீடோங் வட்டாரத்தில் மோதல்கள் நிகழ்ந்தன. டப்ளின் தோட்டத்தில் தொழிலாளர்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. பலர் சிறை சென்றனர். ஒரு விலங்கு போனபின் பழைய விலங்கு திரும்பி வந்த கதை இது. சுழியத்துக்குக் கீழே என்னும் சொற்றொடர் தோக்கியோவைவிடப் பீடோங்குக்கே மிகுதியும் பொருந்தும் எனத் துணியலாம்.

முடிவுரை

இப்படங்களைப் புறக்கணிக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. மாறாக, தமிழ் மாணவர்கள் இவற்றைக் காண வேண்டும் என்றே விழைகிறோம். தோல்வியுற்ற ஒரு சமுதாயம் தன் அரசின் பொய்யையும் தன் குற்றவுணர்வையும் எவ்வாறு கலையாக்கியது என்பதை இவற்றில் கற்கலாம். நோடாவின் உரையைக் கேட்ட மாணவர், அதே அளவுகோலைச் சயாம் பாதைக்கும் பொருத்திப் பார்க்குமாறு ஆசிரியர் வழிநடத்தலாம். சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் பாடாங் செராயிலும் உள்ள மாணவர், தம் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் உண்டா என்று வீட்டில் கேட்டு எழுதி வருவது ஒரு நல்ல பயிற்சியாக அமையும். அப்பாதையில் உழைத்தவர்களுள் இன்று வாழ்வோர் அரிதினும் அரிது. அவர்களிடம் கேட்டறிந்த பிள்ளைகளும் முதுமை எய்திவிட்டனர். தோட்டங்களே துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்ட சூழலில், லயம் இருந்த இடத்தைக் காட்டக்கூட ஆளில்லாத நாள் தொலைவில் இல்லை.

ஜப்பான் தன் போர்நினைவைச் சொல்வதற்கு எழுபது ஆண்டுகளாக ஒரே விலங்கிடம் மீண்டும் மீண்டும் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதனிடம் புதிய வினாவைக் கேட்டிருக்கிறது. நம் நினைவிலும் அத்தகைய திரும்புதல் தேவை. சயாம் பாதையில் மாண்டோரைப் பற்றி இரண்டு நாவல்களோடு நிறைவடைந்துவிட முடியாது. அங்கிருந்து திரும்பியவன் பால்வெட்டுக்குச் சென்ற முதல் விடியற்காலையைப் பற்றி இனிமேல்தான் எழுத வேண்டும்.